மரம் போர்த்திய சுவர்

கவிதையைத் திட்ட நம்மிடம் கைவசமிருக்கும் சொற்களில் மலிவானது 'மேற்பூச்சு'. மூடுவதெல்லாம் பொய் என்ற எண்ணம் அதற்குப் பின்னால் இருக்கிறது. வீட்டுக் கூடத்தின் வடக்குச் சுவருக்கு அடிப்பக்கம் மரப்பலகை அடித்தபோது, இந்த எண்ணத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க நேர்ந்தது.

ஆபரணத்தைக் குற்றமென்று சாடிய கட்டிடக் கலைஞர் அடால்ஃப் லோஸ், 1908-இல் வியன்னாவில் அமைத்த சிறிய மதுக்கூடத்தின் சுவர்களுக்கு மஹாகனிப் பலகை போர்த்தினார். இதில் முரண்பாடில்லை. போர்வை, தான் மூடியிருக்கும் பொருளாக வேஷம் போடக் கூடாது என்பதுதான் 1898-இலேயே அவர் எழுதிவைத்த விதி. மரத்துக்கு எந்த வர்ணமும் அடிக்கலாம், மர வர்ணத்தைத் தவிர.

எங்கள் சுவரில் இரண்டடி உயரத்துக்கு உப்புப் பொரிந்து காரை உதிர்ந்துகொண்டிருந்தது. தரையின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே ஏறுகிறது, நீர் ஆவியாகிறது, தங்கிய உப்பு படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. இதன் மேல் நேராகப் பலகை அடித்தால் ஈரம் மறையும், போகாது. மூன்றடிவரை கொத்தி, ஒரு கோடை முழுக்கக் காயவிட்டு, சுண்ணாம்புக் காரை பூசிய பிறகே ஆசாரி வந்தார். சுவரில் செங்குத்தாக ரீப்பர், அதன் மேல் சட்டம், சட்டத்தின் காடியில் பலகை. பின்னால் காற்று போக, கீழும் மேலும் அரை அங்குலம் திறப்பு. பலகைக்குப் பசை வைக்கவில்லை. "ஒட்டினா மழைக்கு உப்பும், வெயிலுக்கு வெடிக்கும், சார்" என்றார். மரம் நீளவாக்கில் அநேகமாக அசைவதில்லை. அகலவாக்கில் அசைந்துகொண்டே இருக்கிறது.

எவ்வளவு உயரம் என்பதில்தான் தகராறு. ஜன்னலின் அடிமட்டத்துக்குச் சமமாக நாலடி என்றார் ஆசாரி. பார்வைக்கு அதுவே பொருத்தம். ஆனால் மூன்றரை அடிக்குச் சற்று மேலே அப்பாவின் எண்ணெய்த் தலை பட்ட கறை இருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்து முப்பது வருஷம் சாய்ந்த இடம். ஒவ்வொரு வெள்ளையடிப்பையும் ஊடுருவித் திரும்பி வந்திருக்கிறது. அம்மா அபிப்பிராயம் எதுவும் சொல்லவில்லை. வேலை முடிந்ததும் பெஞ்சைப் பழைய இடத்திலேயே போட வேண்டும் என்று மட்டும் சொன்னாள். மூன்றடியில் நிறுத்தச் சொன்னேன்.

ஈரம் வாங்கிய சுவருக்குப் போர்வை வேண்டும். கறைக்கு வேண்டாம். எது மூடப்பட்டிருக்கிறது, பின்னால் காற்றுக்கு இடம் இருக்கிறதா என்று பார்க்காமல் 'மேற்பூச்சு' என்று எழுதிவிடும் விமர்சகன், சுவரைத் தொட்டே பார்க்காதவன்.

மழைக்காலத்தில் பலகையின் விளிம்பு காடிக்குள் போய்விடுகிறது. பங்குனியில் வர்ணம் படாத மரம் ஒரு நூல் அளவு வெளியே தெரிகிறது. வந்து பார்த்த நண்பர் ஒருவர், ஆசாரி வேலை சரியில்லை என்றார்.