இருடே, சொல்லுதேன்

ஜூன் 12
அப்பா வீட்டுக்கு வந்தாயிற்று. குரல்வளையை முழுக்க எடுத்துவிட்டார்கள்; மூச்சு இனிக் கழுத்துத் துளை வழியாகத்தான். காப்பியை ஊதி ஆற்றக்கூட முடியாது. டபராவில் ஆற்றிக் கொடுத்தேன்.

எழுதினால் வாசிக்கும் செயலியைப் போனில் ஏற்றி, தமிழ் ஆண்குரலை இறக்கினேன். வேகம் 1.0-இல் பஸ் ஸ்டாண்ட் அறிவிப்பு மாதிரி இருந்தது. 0.85-இல் வைத்து, சுருதியைக் கொஞ்சம் தாழ்த்தினேன். அடுக்களையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தாள். "யாரு வந்திருக்கா?"

ஜூன் 13
அம்மா மத்தியானம் சாப்பிடவில்லை.

ஜூன் 17
போன் நம்பரை அடித்தால் 'தொள்ளாயிரத்து நாற்பத்து நான்கு கோடியே' என்று ஆரம்பிக்கிறது. இலக்கங்களுக்கு நடுவே இடம் விட்டு அடிக்கவேண்டும். இங்கே நிறுத்து, இதை இலக்கம் இலக்கமாக வாசி என்று சொல்ல எஸ்எஸ்எம்எல் என்ற குறிமொழி இருக்கிறது. 2004-லேயே இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி வகுத்தது. எங்கள் செயலி அந்தக் குறிகளையும் சேர்த்து வாசித்துத் தொலைக்கிறது.

ஜூன் 22
பலசரக்குக் கடையில் நெட் போய்விட்டது. நெட் இல்லையென்றால் செயலி போனிலேயே இருக்கும் குரலுக்குத் தாவுமாம், அது பெண்குரல். "கால் கிலோ உளுந்து" என்று அப்பாவிடமிருந்து ஒரு பெண் கேட்டாள். கடைக்காரர் திகைத்தார். அப்பாவுக்குத் தோள் குலுங்கியது. ஆபரேஷனுக்குப் பிறகு சிரித்து இன்றுதான் பார்க்கிறேன்.

ஜூன் 28
இயற்பியல் விஞ்ஞானி ஸ்டீபன் ஹாக்கிங்கைப் பற்றிப் படித்தேன். 1985-இல் பேச்சுப் போனது. அவருக்கு வாய்த்த இயந்திரக் குரல், எம்.ஐ.டி.யில் இருந்த டென்னிஸ் கிளாட் தன் சொந்தக் குரலை வைத்து உருவாக்கியது. அந்தக் கிளாட்டுக்கே புற்றுநோயில் குரல் கம்மிக்கொண்டிருந்தது, 1988-இல் இறந்தார். பிறகு எத்தனையோ நல்ல குரல்கள் வந்தும் ஹாக்கிங் மாற்றிக்கொள்ளவில்லை. உற்சாகமாக அப்பாவிடம் சொன்னேன். வெகுநேரம் தட்டி, பட்டனை அழுத்தினார்: "அவரு பேசுததுக்கு எல்லாரும் காத்துக் கெடப்பாவ."
சுருதியை இன்னும் கொஞ்சம் சரிசெய்யவேண்டும்.

ஜூலை 2
மாமா வந்திருந்தார். கோயில் கொடை வரிப் பேச்சு. அப்பா தட்டிக்கொண்டே இருந்தார். போன், "அது போன வருசக் கணக்குடே" என்றபோது பேச்சு மாமா மகள் கல்யாண மண்டபத்துக்குப் போயிருந்தது. எல்லோரும் சிரித்தோம். "அத்தான், மண்டபத்துக்கு ஏது போன வருசக் கணக்கு?" அப்பா போனைக் கவிழ்த்து வைத்தார்.

ஜூலை 5
ஒரே தொடலில் பேசும் வரிகளாக நான் போட்டிருந்தவை: 'தண்ணி வேணும்', 'வலிக்குது', 'நன்றி'. இன்று பார்த்தால் நன்றியைக் காணோம். எல்லாவற்றுக்கும் மேலே 'இருடே, சொல்லுதேன்'. வேகம் 1.2, சத்தம் முழுசு. அவரே மாற்றியிருக்கிறார்.

ஜூலை 9
தொண்டையில் வைத்துப் பேசும் மின்கருவி ஒன்றை டாக்டர் காட்டினார். எழுதவே வேண்டாம், வாயசைத்தால் போதும். ஆனால் எல்லாச் சொல்லும் ஒரே சுருதியில் ரீங்கரிக்கிறது. அப்பா வைத்துப் பார்த்தார். அம்மா வெளியே போய் நின்றுகொண்டாள். அப்பா வேண்டும் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விலை என்ன, பேட்டரி எத்தனை நாள் வரும் என்று மட்டும் விசாரிக்கச் சொன்னார். அடுத்த செக்கப் 24-ந்தேதி.