குன்னூர் போனால் இதையும் பாருங்கள்!

மேட்டுப்பாளையத்திலிருந்து மலை ரயிலில் ஏறிக் குன்னூரில் இறங்கியதும் எல்லோரும் வழி கேட்பது சிம்ஸ் பூங்காவுக்குத்தான். நாங்களும் குழந்தைகளோடு அங்கேதான் போனோம். 1874-ல் உருவான பூங்கா. சரிவில் இறங்கும் புல்வெளி, வானளாவிய மரங்கள்! ஆனால் என் மனசில் நின்றதென்னவோ, எதிரே இருக்கும் பாஸ்டியர் நிலையம்தான்.

1885-ல் வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஜோசப் மைஸ்டரை ஊசி போட்டுக் காப்பாற்றியவர் பிரான்ஸ் நாட்டு லூயி பாஸ்டியர். அவர் பெயர் தாங்கி, வெறிநாய்க்கடிச் சிகிச்சைக்கென்றே 1907-ல் இந்த நிலையம் திறக்கப்பட்டது. நம் பாட்டிமார் சொல்லிப் பயமுறுத்திய ‘தொப்புளைச் சுற்றிப் பதினாலு ஊசி’ ஞாபகம் இருக்கிறதல்லவா? ஆட்டு மூளையிலிருந்து எடுத்த அந்தப் பழைய மருந்து 2004-க்குப் பிறகு நம் நாட்டில் இல்லை. இப்போது கையில் நாலைந்து ஊசிகள், அவ்வளவே.

பூங்கா பெஞ்சில் என் பக்கத்தில் ஓர் இளம் தாய். மடியிலிருந்த பையனின் முழங்காலில் மஞ்சள் பற்று.

“என்னம்மா காயம்?”

“வீட்டு நாய்க்குட்டி பல் பட்டுதுக்கா. மூணு நாளாச்சு. அது தெருவுக்கே போகாது.”

“குட்டிக்கு ஊசி போட்டாச்சா?”

“வீட்டு நாய்க்கு எதுக்குக்கா?”

எதிர்க் கட்டடத்தைக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. “மூணு நாள் ஆனாலும் பரவாயில்லை, இப்பவே கிளம்பு” என்றேன். கணவரை அழைத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குக் கிளம்பிவிட்டாள்.

சகோதரிகளே, நம் நாய் வாசல் தாண்டாமல் இருக்கலாம். தெருநாய் வேலிச் சந்தில் நுழையாதா? வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது மிக மிக அரிது. அறிகுறிக்கு முன்பே முறையாகச் சிகிச்சை எடுத்தாலோ பயமில்லை.

நாய்க்குட்டி, பூனைக்குட்டி எதுவானாலும் மூன்று மாதம் ஆனதும் கால்நடை மருத்துவரிடம் முதல் ஊசி போடுங்கள். அடுத்ததை அவர் சொல்லும் நாளில் போட்டு, பிறகு வருஷந்தோறும் தொடருங்கள்.

கடித்தாலோ, நகம் கீறினாலோ, புண்ணில் நக்கினாலோ சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பிப்பொடி எதுவும் வேண்டாம். உடனே டாக்டரிடம் போங்கள். ரத்தம் வந்திருந்தால் காயத்திலேயே போடும் இன்னொரு மருந்தும் தேவைப்படும். இடையில் ஒரு ஊசியைக்கூட விட்டுவிடாதீர்கள்.

திட்டு விழுமோ என்று குழந்தைகள் கீறலை மறைப்பதுண்டு. “நாய் கீறினா அம்மாகிட்ட சொல்லு, திட்டமாட்டேன்” என்று இன்றே சொல்லி வையுங்கள். குழந்தையின் தடுப்பூசி அட்டை இருக்கும் இடத்திலேயே நாய்க்குட்டியின் அட்டையும் இருக்கட்டும்!