றப்பர் பாம்பும் எங்கட அம்மம்மாவும்

இராம நாராயணன் என்றால் எங்கட பீடத்துப் பொடியளுக்குச் சிரிப்புத்தான். பாம்பு வந்து சாட்சி சொல்லும், யானை வில்லனைத் துரத்தும், குரங்கு பிள்ளைக்குக் காவல் நிற்கும். சினிமா ரசனை என்று கதைக்க வெளிக்கிட்டால் நாங்களும் முதலில் ஈரானுக்குத்தான் போவோம். காரைக்குடிப் பக்கம் திரும்பிப் பார்த்ததே இல்லை.

பார்த்தால் கணக்கே மலைக்க வைக்குது. எம்.ஏ. காஜாவோடு சேர்ந்து ராம்-ரஹீம் என்ற பெயரில் பாட்டெழுதியவர், 1981இல் ‘சுமை’யோடு இயக்குநரானார். கடைசிப் படம் 2013இல் வந்த ‘ஆர்யா சூர்யா’. அடுத்த வருடம் சிங்கப்பூரில் காலமானார். இடையில் ஒன்பது மொழிகளில் 125க்கும் மேற்பட்ட படங்கள். வருடத்துக்கு நாலு! பெரிய நட்சத்திரத்துக்காகக் காத்திருக்கிற ஆளில்லை. யானை சம்பளத்தை ஏத்திக் கேட்காது தானே.

இன்னொரு வேடிக்கை, 1989இல் அவர் திமுகவின் காரைக்குடி எம்.எல்.ஏ. பகுத்தறிவுக் கட்சிக்காரர் அடுத்த வருடமே ‘ஆடி வெள்ளி’, ‘துர்கா’ இரண்டையும் எடுத்து விட்டார்.

ஆனால் எங்களை யோசிக்க வைத்தது அவரின் ‘சிவப்பு மல்லி’. 1981, ஏவிஎம் தயாரிப்பு, விஜயகாந்தும் சந்திரசேகரும். பணக்காரனின் அநியாயத்துக்கு எதிராக ஏழைப் பொடியள் எழும்புற சிவப்புக் கொடிப் படம். இதை எடுத்தவரா பிறகு ‘பாளையத்து அம்மன்’ எடுத்தார் என்று முதலில் கேலி பண்ணினோம். திரும்ப யோசித்தால் கதை பெரிசாக மாறவில்லை. இல்லாதவளுக்கு அநியாயம் நடக்குது. கேட்க ஆளில்லை. முதல் படத்தில் அவங்களே கேட்கிறாங்க. பிந்தின படங்களில் கோயில் மணியை அடிச்சுக் கேட்கிறாங்க. வழக்கு அதேதான், முறைப்பாடு குடுக்கிற இடம்தான் வேற.

இதை எங்களுக்கு விளங்கப்படுத்தினது அம்மம்மா. ‘ஆடி வெள்ளி’ வந்த அதே 1990இல்தான் எங்கட பெரிய மாமா சைக்கிளில் போனவர், திரும்பி வரல்ல. அம்மம்மா ஏறாத கந்தோர் இல்ல. கடிதமெல்லாம் ஒரு பொலித்தீன் பையில் இன்னும் அலுமாரிக்குள்ள கிடக்கு. அந்தப் படத்தைப் பிறகு ஒருநாள் பக்கத்து வளவில் ஜெனரேட்டர் வச்சு, டெக்கில் போட்டிருக்காங்க. அண்டைக்குப் பார்த்தவ, இண்டைக்கும் டீவியில் போட்டால் அடுப்பை நூர்த்துட்டு வந்து குந்துவா.

ஒருக்கா நாங்க சிரிச்சுப் போட்டம். “அம்மம்மா, அது றப்பர் பாம்பு.”

“எனக்குத் தெரியாதா மனே. பாம்பு றப்பர்தான். ஆனா அவன் கடைசியில மாட்டுறான் தானே.”

விமர்சனம் எழுதுற எங்களுக்கு அதுக்குப் பதில் இருக்கல்ல.

இருந்தாலும் ஒரு குறை சொல்லத்தான் வேணும். வில்லன் செத்ததும் இராம நாராயணனுக்கு வேலை முடிஞ்சுது. குடும்பம் கும்பிடும், ‘வணக்கம்’ விழும். அந்தக் கோபம் எங்க போகும் என்று அவர் கேட்பதில்லை. எங்கட செட்டிபாளையம் கண்ணகி அம்மன் கோயிலில் கதை அங்கதான் தொடங்குது. வைகாசிச் சடங்கில் வழக்குரை படிச்சு, மதுரையை எரிச்ச அம்மாளைக் கடைசியில் குளிர்த்தி பாடிக் குளிர வைப்பாங்க. எரிஞ்சவளை அப்படியே விடக் கூடாதாம்.

போன குளிர்த்திக்குச் சனம் முன்னுக்கு நெருக்குது, அம்மம்மா மட்டும் பின்னுக்குத் தூணோட இருந்தா. வாங்களன் என்று கூப்பிட்டம்.

“அவ இப்பவே குளிர்ந்தா, என்ட புள்ளைட வழக்கை ஆருகா கேக்கிற?”

பிறகு குளிர்த்தித் தண்ணியை வாங்கி எங்கட தலையில் தெளிச்சா. தன்ட தலையில் தெளிக்கல்ல.