யாருடைய நேரம்? மார்க்ஸ், சுதந்திரம்: சில குறிப்புகள்

"கம்யூனிசம் வந்தால் இடுப்பு வேட்டியும் பொதுச்சொத்துதான்" என்ற கேலிக்கு வயதே ஆகவில்லை. மார்க்சும் எங்கெல்சும் எழுதி 1848இல் வந்த கம்யூனிஸ்ட் அறிக்கை இதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது. ஒழிக்கக் கேட்டது, அடுத்தவர் உழைப்பை ஆட்டிவைக்க உதவும் உடைமையை: ஆலை, நிலம், மூலதனம். சைக்கிளும் சட்டையும் அந்தக் கணக்கில் வராது. ஆலை, நிலம் போன்ற உடைமை பத்தில் ஒன்பது பேருக்கு ஏற்கெனவே இல்லை என்றும் அறிக்கை குத்திக்காட்டுகிறது.

*

1842. மார்க்சுக்கு வயது 24. கொலோன் நகரத்து 'ரைனிஷே ட்சைட்டுங்' நாளிதழில் எழுதத் தொடங்குகிறார். எடுத்த எடுப்பிலேயே பேசுபொருள் பத்திரிகைச் சுதந்திரம்; எதிரில் பிரஷ்யத் தணிக்கை. அக்டோபரில் அதே இதழுக்கு ஆசிரியர். 1843 மார்ச்சில் அரசு இதழை மூடவைத்தது. தனிமனித சுதந்திரத்தின் பகைவர் என்று பெயர் வாங்கியவரின் முதல் வேலை பறிபோனது தணிக்கையாளர்களால்.

*

அறிக்கையின் இரண்டாம் பகுதி முடியும் இடத்தைக் கவனித்துப் படிக்க வேண்டும். வரப்போகும் சமூகத்தைப் பற்றிய அந்த வரியில் ஒவ்வொருவரின் தடையற்ற வளர்ச்சி முன்னால் நிற்கிறது. எல்லோருடைய வளர்ச்சியும் அதை நம்பி இருக்கிறது. மேடைகளில் இது தலைகீழாகிவிடும்: முதலில் எல்லோரும், அப்புறம் நீ. எதிர்ப்பவர்கள் தாக்குவதும் இந்தத் தலைகீழ் வடிவத்தைத்தான். மார்க்ஸ் எழுதியதோடு இரு தரப்பும் சண்டைக்கே போகவில்லை.

*

'மூலதனம்' (1867) சொல்லும் தொழிலாளி இரண்டு வகையில் சுதந்திரமானவர். ஒன்று, அவர் யாருக்கும் அடிமையில்லை. தன் உழைப்புச் சக்தியை யாருக்கு வேண்டுமானாலும் விற்கலாம். இரண்டு, அதை விற்காமல் பிழைக்க நிலமோ கருவியோ எதுவும் அவர் கையில் இல்லை, அதிலிருந்தும் 'விடுதலை'. முதல் சுதந்திரம் பொய் என்று மார்க்ஸ் சொல்லவில்லை. பண்ணையடிமையாகக் கிடந்ததோடு ஒப்பிட்டால் அது பெரிய முன்னேற்றம், ஆனால் போதாது. "பிடிக்கலைன்னா வேலையை விட்டுப் போ" என்கிற மேலாளர் சட்டப்படி சரியாகத்தான் பேசுகிறார். மாதத் தவணை கட்டுகிறவர்களுக்கு மிச்சத்தை விளக்க வேண்டியதில்லை.

*

சுதந்திரத்தை மார்க்ஸ் எதைக்கொண்டு அளக்கிறார்? நேரத்தைக் கொண்டு. 'மூலதனம்' முதல் தொகுதியின் மிக நீண்ட அத்தியாயங்களில் ஒன்று வேலைநாளைப் பற்றியது. லெனார்டு ஹார்னர் போன்ற பிரிட்டிஷ் ஆலை ஆய்வாளர்களின் அறிக்கைகளை அதில் பக்கம் பக்கமாகப் பயன்படுத்துகிறார். பெண்களுக்கும் 18 வயது நிரம்பாதவர்களுக்கும் நெசவாலைகளில் பத்து மணி நேரம் என்று வரம்பு கட்டிய 1847 சட்டத்தை மாபெரும் வெற்றியாகவே கண்டார். எங்கெல்ஸ் 1894இல் பதிப்பித்த மூன்றாம் தொகுதியில் விஷயம் இன்னும் தெளிவு: வயிற்றுப்பாட்டுக்கான உழைப்பு முடிந்த பிறகுதான் மெய்யான சுதந்திரம் தொடங்கும். அதற்கு முதல் நிபந்தனை வேலைநேரம் குறைவது.

வேலைநேரக் கோரிக்கையோடு பிறந்த மே தினத்தைச் சென்னையில் கம்யூனிஸ்ட் தலைவர் சிங்காரவேலர் கொண்டாடியது 1923இல். நூறு ஆண்டு கழித்து, 2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாள் வேலையை 12 மணி நேரம் வரை நீட்ட வழிவிடும் மசோதா தமிழகச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரத்துக்கு 48 மணி நேரம் என்பது மாறாது, விருப்பமுள்ள தொழிலாளர்களுக்கு மட்டும்தான் என்று அரசு விளக்கம் தந்தது. எதிர்ப்பு வலுத்ததும் மூன்றே நாளில் நிறுத்திவைத்து, மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். ஆலை வாசலில் 'விருப்பம்' என்பதன் எடை என்ன என்பதுதான் அன்று நடந்த சண்டை. மார்க்சின் கேள்வியும் அதுவே.

*

"எல்லோரையும் ஒரே அச்சில் வார்ப்பார்கள்" என்பது இன்னொரு குற்றச்சாட்டு. ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் கோத்தா வேலைத்திட்டத்தின் மீது மார்க்ஸ் 1875இல் எழுதிய விமர்சனம் இதற்கு நேர் எதிர். ஒருவருக்கு உடல்வலு அதிகம், இன்னொருவருக்குப் பிள்ளைகள் அதிகம்; இரண்டு பேரையும் ஒரே கோலால் அளந்தால் வருவது ஏற்றத்தாழ்வுதான் என்கிறார். மக்களுக்கு அரசே ஆசானாக இருப்பதையும் அதே விமர்சனத்தில் மறுக்கிறார்.

*

இனி மறுபக்கம். "சோவியத்தில் நடந்ததற்கும் மார்க்சுக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை" என்பதும் ஒரு தப்பெண்ணமே. தொழிலாளர் பெயரால் ஆட்சிக்கு வருகிறவர்கள் புது எஜமானர்கள் ஆகிவிடுவார்கள் என்று அராஜகவாதி பக்கூனின் 1873இலேயே ஒரு புத்தகத்தில் எச்சரித்தார். அந்தப் புத்தகத்தைப் படித்துக் குறிப்பெடுத்த மார்க்ஸ், இந்த இடத்தில் கேலி செய்துவிட்டு நகர்ந்தார். பாரிஸ் கம்யூனிலிருந்து (1871) அவர் எடுத்துக்காட்டியவை நல்லவைதான்: பிரதிநிதிகளைத் திரும்ப அழைக்கும் உரிமை, அதிகாரிக்கும் தொழிலாளியின் கூலி. ஆனால் எதிர்த்துப் பேசுகிறவரை நம் ஆட்சியிடமிருந்தே யார் காப்பாற்றுவது? அதற்கு அவரிடம் ஏற்பாடு இல்லை.

அந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியவர்களில் ரோசா லுக்சம்பர்க் முக்கியமானவர். 1918இல் சிறையில் இருந்தபடியே, ரஷ்யப் புரட்சியை ஆதரித்துக்கொண்டே, அரசியல் நிர்ணய சபையைக் கலைத்ததையும் பத்திரிகைகளை ஒடுக்கியதையும் கண்டித்து எழுதினார். அந்த இடைவெளிக்கு உயிரையே கொடுத்தவர் ரியாசானவ். மாஸ்கோவில் மார்க்ஸ்–எங்கெல்ஸ் நிறுவனத்தைக் கட்டியெழுப்பி, மார்க்சின் கையெழுத்துப் படிகளைத் தேடித் தேடிச் சேர்த்தவர். 1931இல் கைதாகி சரத்தோவுக்கு வெளியேற்றப்பட்டார். 1938இல் சுட்டுக்கொன்றார்கள்.

*

நம்மூர்க் கணக்கு ஒன்று பாக்கி. 1950இல் சென்னை அரசுக்கு எதிராக மூன்று விவகாரங்கள். தடுப்புக்காவலில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன், சென்னை மாநிலத்துக்குள் வரத் தடைசெய்யப்பட்ட இடதுசாரி வார இதழ் 'கிராஸ் ரோட்ஸ்' ஆசிரியர் ரொமேஷ் தாப்பர், கம்யூனிஸ்ட் கட்சிக்கு உதவுவதாகக் கூறித் தடைசெய்யப்பட்ட மக்கள் கல்விக் கழகத்தின் வி.ஜி. ராவ். தாப்பர் அதே ஆண்டும் ராவ் 1952இலும் உச்ச நீதிமன்றத்தில் வென்றார்கள்: பேச்சுரிமையும் சங்கம் சேரும் உரிமையும் எழுத்தில் இருந்து நடப்புக்கு வந்தன. கோபாலன் தோற்றார். ஆனால் அந்த வழக்கில், சட்டம் நியாயமாகவும் இருக்க வேண்டும் என்று நீதிபதி பசல் அலி எழுதிய மாற்றுத் தீர்ப்பின் போக்கிலேயே, 1978இல் மேனகா காந்தி வழக்கில் நீதிமன்றம் வந்து நின்றது.

இந்த உரிமைகளை 'பூர்ஷ்வா உரிமைகள்' என்று ஒதுக்கும் தோழர்கள் இந்த மூன்று தீர்ப்பையும் ஒருமுறை படித்துப் பார்க்கலாம். கம்யூனிஸ்ட் என்றாலே தனிமனிதரை விழுங்குகிறவர் என்பவர்களும் படிக்கலாம். என்னை உள்ளே வைக்கும் சட்டம் நியாயமானதா என்று இன்று ஒரு குடிமகன் கேட்கலாம் என்றால், அந்தக் கேள்வியை உச்ச நீதிமன்றத்துக்கு முதலில் எடுத்துப்போனது ஒரு கம்யூனிஸ்டின் மனு.