குச்சியில் வரும் கனகாம்பரம்

ஒடுகத்தூரில் வெள்ளிக்கிழமை தோறும் ஆட்டுச் சந்தை. ஆடு இல்லாத தெருவே இல்லை என்பதால், பூச்செடி வைக்க நினைப்பவர் முதலில் ஆட்டுக்கு வழி பார்க்க வேண்டும். நான் போன வீட்டில் வேலியோரம் முழுக்க அரளியும் நந்தியாவட்டையும். இரண்டிலும் ஆடு வாய் வைக்காது. உள்ளே செம்பருத்தி, இட்லிப்பூ, பட்டன் ரோஜா, அந்திமந்தாரை, கூரைமேல் ஏறிய நித்தியமல்லி. பாத்தி கட்டவில்லை, வரிசை பிடிக்கவில்லை. ஆனால் எல்லாம் கணக்கோடுதான் இருக்கிறது. வெயில் காயும் இடத்தில் ரோஜா, முருங்கை நிழலில் கனகாம்பரம், பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடும் பக்கம் வாழை. பூக்கட்ட நார் வேண்டுமே!

அந்த வீட்டு அம்மாவிடம் கனகாம்பரம் இரண்டு வகை இருந்தது. நாட்டு வகையின் காய்ந்த கதிர் ஒன்றின்மேல் ஒரு கை தண்ணீர் விட்டார். கொஞ்ச நேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு ஒரு காய் 'பட்'டென்று பிளந்தது, தொடர்ந்து நாலைந்து. விதை ஒன்று என் சட்டையில் வந்து அடித்தது. மழை நாளில் செடி தானே இப்படித் தெறித்து முளைத்துக்கொள்ளும்.

டெல்லி கனகாம்பரம் வேறு. அது மும்மடியம், பூ பெரிது, நிறம் அடர்த்தி, ஆனால் மலடு. "அது வெத வக்காது தம்பி. யாராவது குச்சி குடுத்தாத்தான் உண்டு" என்றார். இவருக்கு நாத்தனார் கொடுத்தது, நாத்தனாருக்கு அவர் மாமியார் ஊரிலிருந்து வந்தது. அதற்கு முன்னால் யாரோ. தமிழ்நாட்டுத் தோட்டங்களில் இருக்கும் ஒவ்வொரு டெல்லி கனகாம்பரமும் இப்படி யாரோ ஒருவர் ஒடித்து நட்டதால் இருப்பதுதான். இதைவிடப் பெரிய தோட்டக்கலை எனக்குத் தெரியாது.

வேருக்கு எதிரி நூற்புழு. முடிச்சு முடிச்சாக வேர் வீங்கி, செடி வெளிறிச் சோர்ந்துவிடும். அதற்காகவே இடையிடையே செண்டுமல்லி நட்டிருக்கிறார். அதன் வேர் நூற்புழுவை அடக்கும். உரம் என்றால் மக்கிய ஆட்டுப் புழுக்கைதான்.

தண்ணீரும் இங்கே ஒரு வரம். ஜவ்வாது மலையில் பிறக்கும் உத்திர காவேரி, ஒடுகத்தூரைத் தாண்டிய பிறகுதான் பாலாற்றைச் சேர்கிறது. அதனால் பாலாற்றுக்கு வந்த கேடு இந்தத் தண்ணீருக்கு இல்லை. தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்ததைப் பற்றி 1996 ஆகஸ்ட் 28-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், தோல் தொழிற்சாலைப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுமையாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதாக வருகிறது. உப்பேறிய தண்ணீர் ஊற்றினால் கனகாம்பரத்தின் இலையோரம் கருகிவிடும். விளைநிலத்தின் இழப்பு தீர்ப்பிலாவது ஏறியது. வீட்டுக் கொடிகளும் செடிகளும் கருகியதை யார் எழுதி வைத்தார்கள்?

கார்த்திகை பிறந்தால் வேலி ஓரத்தில் டிசம்பர் பூ ஊதாவாக நிறைந்துவிடுமாம். அப்போது கட்டும் கதம்பத்தில் செம்மஞ்சளும் ஊதாவும் மருவின் பச்சையும் மாறி மாறி வரும். கனகாம்பரத்துக்கு மணமில்லை, மணத்துக்கு மரு.

மழை பிடித்ததும் தருவதாகச் சிலருக்குக் குச்சி சொல்லி வைத்திருக்கிறார். அதில் ஒருத்தி ஆம்பூரில் ஷூ கம்பெனி வேலைக்குப் போகிற உறவுக்காரப் பெண். வாடகை வீடு, வாசல்வரை சிமெண்ட். பெயிண்ட் டப்பாவில் வைக்கப் போகிறாள். "அடியில ஓட்ட போட்டு வையின்னு சொல்லியிருக்கேன்" என்றார்.