பதிவேட்டில் ஒற்றைப் பெயர்

சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறி ஏற்காட்டை அடைந்தோம். சில்வர் ஓக் மரங்களில் மிளகுக்கொடி படர்ந்திருக்க, நிழலில் காப்பிச் செடிகள். உடன் வந்த சென்னைத் தோழியின் கொள்ளுத்தாத்தா, சேர்வராயன் மலைக்குக் காப்பி பயிரிட வந்த ஜெர்மானியர்.

இங்கே காப்பி வேரூன்றியது 1820களில், சேலம் கலெக்டர் காக்பர்ன் காலத்தில். பின்னால் இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோரும் ஆங்கிலேயர் அல்லர். 1840களில் சேலத்தில் லண்டன் மிஷன் பணியில் இருந்த லெக்லர் பாதிரியாரும் ஜெர்மானியர்தான். 1914இல் போர் மூண்டதும் இந்தியாவிலிருந்த ஜெர்மானிய ஆண்கள் பலரை அரசு அகமத்நகர் முகாமில் அடைத்தது. அப்போது தோழியின் வீட்டார் குடும்பப் பெயரின் எழுத்தை மாற்றி, ஆங்கிலப் பெயராக்கிக்கொண்டார்கள். சுவடு அங்கேதான் மறைந்தது.

மீட்டுத் தந்தது ஞானஸ்நானப் பதிவேடு. சென்னை மாகாணத் தேவாலயப் பதிவேடுகளின் படிகள் அந்நாளில் லண்டனுக்குப் போயின. இன்றும் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. தாத்தாவின் ஞானஸ்நானக் குறிப்பைத் தோழி அதில் கண்டெடுத்தார். தகப்பனுக்கு முழுப்பெயர், தொழில், இருப்பிடம் எல்லாம் இருந்தன. தாய்க்கு ஞானஸ்நானப் பெயர் மட்டும். ஊர் இல்லை, தகப்பன் பெயர் இல்லை. உள்ளூர்ப் பெண்களைப் பெரும்பாலும் அப்படித்தான் எழுதினார்கள்.

டிரினிட்டி ஆலயத்துக்குப் போனோம். தமிழ் அகராதி தொகுத்த பீட்டர் பெர்சிவல் 1882இல் காலமானது ஏற்காட்டில்தான். அவருடைய மருமகன் ராபர்ட் புரூஸ் ஃபூட்டுக்கு இந்த ஆலயத்தில் நினைவுக்கல் உண்டு. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்து, எழுத்தே இல்லாத காலத்து மனிதரை நமக்குக் காட்டியவர் அவர். நாங்கள் தேடியதோ மூன்று தலைமுறைக்கு முந்தைய ஒரு பெண்ணை.

எஸ்டேட் பாதையில், இந்த மலையின் பழங்குடியான மலையாளிப் பெரியவர் ஒருவரிடம் விசாரித்தோம்.

“தொரை இருந்த பங்களாவ எங்க தாத்தா காட்டியிருக்காரும்மா. அந்தம்மா பேரு மட்டும் யாரும் சொன்னதில்ல.”

தோழி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “அவங்க இந்த மலைக்காரங்களா இருந்தா, நீங்க எனக்குச் சொந்தம்தான் தாத்தா” என்றார். பெரியவர் அவர் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

தகப்பன் வழியைத் தேடி ஜெர்மனியின் ஊர்த் தேவாலயப் பதிவேடுகள்வரை போகலாம். தாய்வழி இந்த மலையிலேயே நின்றுவிட்டது. இந்தக் குறை தோழிக்கு மட்டுமானதல்ல. உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரும் பிறந்த ஊரும் உங்களுக்குத் தெரியுமா? வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.