உயிர் காலேஜ்

என் தந்தை பயணங்களை விரும்பாதவர். எழுபது வயதைக் கடந்தபின் தட்டாஞ்சாவடியில் உள்ள எங்கள் வீட்டுத் திண்ணையே அவருக்கு உலகமாகிவிட்டது. ஆகவே, கோடை விடுமுறையில் வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குச் செல்வதென்று முடிவானதும், "நானும் வருகிறேன்" என்று அவராகவே சொன்னது எங்களுக்கு வியப்பாக இருந்தது.

தொழிற்பேட்டைக்குச் செல்வோரின் வண்டிகள் தெருவை நிறைக்கும் முன்பே புறப்பட்டோம். திண்டிவனம் கடந்து மதுராந்தகத்தை நெருங்கியபோது அப்பா பேசத் தொடங்கினார்.

"புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்த 1962-ஆம் ஆண்டில் எனக்குப் பத்து வயது. என் மாமா என்னை ரயிலில் எழும்பூருக்கு அழைத்துச் சென்றார். 'இன்றைக்கு உயிர் காலேஜ், நாளைக்குச் செத்த காலேஜ்' என்றார்."

ஆறாம் வகுப்பில் படிக்கும் என் மகள் வாய்விட்டுச் சிரித்தாள். "அப்படியும் கல்லூரிகள் உண்டா, தாத்தா?"

உயிருள்ள விலங்குகள் இருந்த காட்சிசாலை 'உயிர் காலேஜ்'. பாடம் செய்யப்பட்ட உடல்கள் இருந்த அருங்காட்சியகம் 'செத்த காலேஜ்'. சென்னையின் எளிய மக்கள் இட்ட பெயர்கள் இவை. இரண்டும் ஒரு காலத்தில் ஒரே வளாகத்தில் இருந்தவை என்பது பலரும் அறியாத செய்தி. எழும்பூர் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக இருந்த மருத்துவர் எட்வர்ட் பால்ஃபர், உயிருள்ள விலங்குகளைக் காண மக்கள் திரளாக வருவதைக் கண்டார். கர்நாடக நவாபிடமிருந்த விலங்குகளையும் கேட்டுப் பெற்று, 1855-இல் அங்கேயே ஒரு காட்சிசாலையை உருவாக்கினார். இந்தியாவின் மிகப் பழைய உயிரியல் பூங்கா என்று போற்றப்படுவது அதுவே. சில ஆண்டுகளில் அது சென்ட்ரல் ரயில் நிலையத்தை அடுத்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறியது. 116 ஏக்கர் பரப்புள்ள அந்தப் பூங்காவைச் சுற்றி நகரம் நெருங்கி வளர்ந்தது, இடம் போதவில்லை, இரைச்சலும் புகையும் பெருகின. இறுதியில் 1985-இல் காட்சிசாலை வண்டலூர்க் காட்டுக்குக் குடிபெயர்ந்தது. இன்று அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவின் பரப்பு 602 ஹெக்டேர். பழைய இடத்தைப்போல் பன்னிரண்டு மடங்குக்கும் மேல்.

பூங்காவுக்குள் மரநிழலில் நடந்தோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டுமே இயற்கையாக வாழும் சிங்கவால் குரங்கைக் கண்டு மகள் நெடுநேரம் நின்றாள். அப்பா மட்டும் எதிலும் மனம் பதியாதவராய், "புலி எங்கே?" என்று கேட்டுக்கொண்டே வந்தார்.

புலியின் இடத்தை அடைந்தோம். கம்பிகள் இல்லை, ஆழமான அகழி இருந்தது. அதற்கப்பால் புல்வெளியும் புதர்களும் மரங்களும் தெரிந்தன. புலியைத்தான் காணோம். கூடியிருந்தவர்கள் சீழ்க்கையடித்தார்கள், கைதட்டிக் கூப்பிட்டார்கள். பத்து வயது மதிக்கத்தக்க சிறுவன் ஒருவன் குனிந்து ஒரு கூழாங்கல்லை எடுத்தான். அவன் கை ஓங்குமுன் அப்பா அதைப் பற்றிக்கொண்டார்.

"வேண்டாம் தம்பி. நான் எறிந்த கல்லே போதும்."

சிறுவன் விழித்தான், நாங்களும் விழித்தோம். அருகிலிருந்த மரத்தடியில் அமர்ந்து அப்பா சொன்னார்:

"அன்று புலி கூண்டுக்குள் படுத்திருந்தது. எழுப்பிப் பார்க்க ஆசைப்பட்டு ஒரு கல்லை எறிந்தேன். அது முகத்தில் பட்டது. புலி உறுமவில்லை. எழுந்து மூலைக்குப் போய்ச் சுவரைப் பார்த்து நின்றது. அங்கும் எங்கள் கண்ணிலிருந்து அது தப்ப முடியவில்லை. அதற்கு ஒளிந்துகொள்ள இடமே இல்லை. சுற்றியிருந்தவர்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. அந்தப் பெருமைதான் இன்றுவரை உறுத்துகிறது."

அறுபது ஆண்டுகளாக அவர் எவரிடமும் சொல்லாதது அது. திண்ணையை விட்டு எழுந்து வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கம்பிக்கு மாற்றாக அகழியை அமைக்கும் முறையை ஜெர்மனியின் ஹாம்பர்க் நகருக்கு அருகே 1907-இல் தாம் திறந்த விலங்குப் பூங்காவில் கார்ல் ஹேகன்பெக் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தினார். பின்னர் உலகெங்கும் அது பரவியது. நம் நாட்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தது. 1991-இல் செய்யப்பட்ட திருத்தம், உயிரியல் பூங்காவில் விலங்குகளைச் சீண்டுவதையும், காயப்படுத்துவதையும், அவற்றுக்குத் தீனி போடுவதையும், ஓசையெழுப்பித் தொல்லை தருவதையும் தடை செய்கிறது. ஆயினும் சட்டம் அறிவிப்புப் பலகையில் இருக்கிறது. கல் நம் கைக்கு எட்டும் தூரத்தில் கிடக்கிறது. இரண்டுக்கும் இடையே நிற்க வேண்டியது நம் மனம்தான்.

அரைமணி நேரம் காத்திருந்தோம். புதரின் நிழலில் ஒரு வால் நுனி அசைந்து அடங்கியது. அவ்வளவுதான். அப்பாவின் முகத்தில் அப்படியொரு நிறைவை நான் கண்டதில்லை. "அதற்கு நம்மைப் பார்க்க விருப்பமில்லை. அதற்கு இங்கே இடமிருக்கிறது" என்றார்.

மகள் சற்று யோசித்தாள். "ஆனால் அகழியும் கூண்டுதானே, தாத்தா?"

அப்பா உடனே விடை சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து, "ஆமாம், கூண்டுதான். கம்பியை எடுத்தது எங்கள் காலம். மற்றதை நீங்கள்தான் யோசிக்க வேண்டும்" என்றார்.

திரும்பும் வழியில் மகளின் தோழி கைப்பேசியில் அழைத்தாள். "புலியைப் பார்த்தாயா?" என்ற கேள்வி எங்கள் காதிலும் விழுந்தது.

"இல்லை" என்றாள் மகள். "அது தூங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் எழுப்பவில்லை."

முன்னிருக்கையில் இருந்த அப்பா சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மதுராந்தகம் ஏரியின்மேல் மாலை வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.